அந்தித் தகரம்

சாயங்காலம் அருவி மேட்டில் தகரச் சத்தம் கேட்டால் அது என் தம்பி மனைவி காசியாத்திதான். கையில் ஓர் எண்ணெய் டின், ஓர் அகப்பை. பள்ளத்தின் விளிம்பில், காட்டுப் பனை ஒன்றின் அடியில் நின்று கை ஓயும்வரை தட்டுவாள். நிறுத்திக் காது கொடுப்பாள். மறுபடி தட்டுவாள். நடுநடுவே, "பகாஸ், வாடா வீட்டுக்கு, சோறு ஆறுது" என்று ஒரு குரல். பகாஸ் அவள் ஒரே மகன். ஆறு வயதில் காணாமல்போனான். அதன்பிறகு ஒரு மழைக்காலம் முழுசாகப் போய் அடுத்ததும் வந்துவிட்டது. அவள் இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தி மயங்கும் நேரத்தில் வெளியே திரிகிற பிள்ளையை வேவே தூக்கிக்கொண்டு போய்விடும். இது எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். வேவே பேய்தான், ஆனால் கொலைகாரி இல்லை. பெற்றவர்கள் சரியாகக் கவனிக்காத பிள்ளையாகப் பார்த்துத் தூக்கும். பனை உச்சியில் வைத்து, ஊட்டி, தன் பிள்ளை மாதிரி வளர்க்கும். ஊரே திரண்டு முறம், சட்டி, தகரம் என்று கையில் கிடைத்ததைத் தட்டிக்கொண்டு சுற்றினால் அதற்குச் சத்தம் பொறுக்காது. பிள்ளையை ஏதாவது ஒரு புதரடியில் இறக்கிவிட்டு ஓடிவிடும். தட்டுவதை நிறுத்தினால் பிள்ளை அதற்கே சொந்தம். நான் சின்னவனாக இருந்தபோது இப்படித் தட்டியே இரண்டு பிள்ளைகளை மீட்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்கள் எங்காவது படுத்துத் தூங்கிப்போயிருப்பார்கள் என்று டவுன்காரர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

பகாஸ் காணாமல்போனது நோன்புப் பெருநாள் விடுமுறையில். அருவிக்குப் பஸ் பஸ்ஸாகக் கூட்டம். காசியாத்தி மேட்டில் கடை போட்டு, சோயா வில்லையான டெம்பேயை மாவில் தோய்த்துப் பொரித்துக்கொண்டிருந்தாள். பையன் காலைச் சுற்றிச்சுற்றி வந்து தொந்தரவு செய்தான் என்று, வீட்டுக்குப் போடா என்று விரட்டியிருக்கிறாள். பனைமரம் வரைக்கும் அவன் போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை. அன்று வெள்ளம் கிடையாது, ஆறு தெளிவாகத்தான் ஓடியது. ஊர் முழுக்கத் தட்டினோம். கீழே மணல் அள்ளுகிறவர்கள், ஆறு எதையாவது கொண்டுவருமா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு துணி, ஒரு பொத்தான்கூடக் கிடைக்கவில்லை. கொஞ்ச நாளில் ஒவ்வொருவராகச் சட்டியை அடுப்படிக்கே திருப்பிக் கொண்டுபோய்விட்டார்கள். என் தம்பி மட்டும் அவளோடு நின்று தட்டினான். பிறகு அவனும் கடல் தாண்டிக் கலிமந்தானுக்குச் செம்பனைத் தோட்ட வேலைக்குப் போய்விட்டான். போனில் பேசும்போது பின்னால் அந்தச் சத்தம் கேட்டால் வைத்துவிடுவான். அவனைக் கோழை என்று ஊர் சொல்லியது. நானும் சொன்னேன்.

அவளை யாரும் தடுக்கவில்லை. தடுக்க யாருக்கு மனசு வரும்? அதோடு, அதனால் யாருக்கும் தொந்தரவும் இல்லை என்றுதான் நினைத்தோம். பிற்பகல் அசர் பாங்குக்கு முன்பே பள்ளத்திலிருந்து எல்லாரையும் மேலே ஏற்றிவிட வேண்டும் என்பது எங்கள் அருவிக் கமிட்டியின் சட்டம். அவள் தட்டுவது அதற்கு வெகுநேரம் கழித்து.

நான் அருவிக்கு ஆள் இறக்குகிறவன். செமேரு எரிமலை புகைவதும் சாம்பல் கொட்டுவதும் எங்களுக்குப் பழகிவிட்டன. வெள்ளம்தான் பழகவில்லை. மலை உச்சியில் மழை பிடித்தால் சரிவில் குவிந்து கிடக்கிற சாம்பலும் கல்லும் மரமும் சேறாகி ஆற்றோடு இறங்கும். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வந்துவிடும். அதற்காக மேலே ஒரு குடிசை போட்டு துகிரான் என்பவரைக் காவலுக்கு வைத்திருக்கிறோம். ஆறு நிறம் மாறினால் அவர் வாக்கிடாக்கியில் சொல்வார். டிக்கெட் கொட்டகையில் இருப்பவன் அங்கே தொங்குகிற பலாக்கட்டையை விடாமல் அடிப்பான். பள்ளத்துக்குள் வாக்கிடாக்கி எடுக்காது, கட்டைச் சத்தம் கேட்கும். ஒருமுறை சைரனும் வைத்துப் பார்த்தோம். இரண்டு தடவை சாம்பல் விழுந்ததும் அதற்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஆக, எங்கள் உயிர் எல்லாம் அந்தக் கட்டையில்தான் இருந்தது.

அன்றைக்கு வந்தது சுரபாயா நகரத்திலிருந்து ஒரு கல்யாண ஜோடி. கல்யாணம் இன்னும் ஆகவில்லை. ஆவதற்கு முன்பே கல்யாண உடுப்பில் படம் எடுத்து மண்டப வாசலில் மாட்ட வேண்டுமாம். இப்போது இது ஒரு நோய். பெண் தரையைக் கூட்டுகிற மாதிரி வெள்ளைக் கவுன் போட்டிருந்தாள், மாப்பிள்ளை கோட்டும் சூட்டும். கூட ஒரு தாடிக்காரக் கேமராக்காரன்.

"அம்மா, இதைப் போட்டுக்கிட்டு மூங்கில் ஏணியில இறங்க முடியாது. கீழ போய் மாத்திக்குங்க" என்றேன்.

"கீழ மாத்துறதுக்கு மறைவா எடம் இருக்கா?"

"மறைவுன்னா தண்ணிக்குப் பின்னாடிதான். நாங்க எல்லாரும் கண்ணை மூடிக்கிறோம்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நல்ல பெண். கவுனை மொத்தமாகச் சுருட்டி இடுப்பில் கட்டிக்கொண்டு, உள்ளே போட்டிருந்த கால்சட்டையோடு முதல் ஆளாக ஏணியில் கால் வைத்தாள். மாப்பிள்ளைதான் ஒவ்வொரு படியிலும் கடவுளைக் கூப்பிட்டான்.

"மாப்ளே, இந்த ஏணிக்கே இப்படின்னா கல்யாணத்துக்கப்புறம் என்ன பண்ணுவீங்க?" என்றேன். அவனால் சிரிக்க முடியவில்லை.

மேலேயிருந்து பார்த்தாலே போதும் என்று நான் வருகிறவர்களிடம் சொல்வதுண்டு. எவன் கேட்கிறான்? பாதி வட்டமாகச் செங்குத்தான பாறை, அதன் உதடு முழுக்கத் தண்ணீர். பக்கங்களில் வழிவது பாறைக்குள்ளிருந்து வரும் ஊற்று. எந்தக் காலத்திலும் தெளிவாக, நூல் நூலாக இருக்கும். நடுவில் விழுவது மலையிலிருந்து வரும் ஆறு. அது சாம்பல் கரைத்த நிறம், விழும்போது தரை அதிரும். வருகிறவர்கள் சொர்க்கம் என்பார்கள். எனக்கு அது வழுக்குகிற இடம், முட்டி வலிக்கிற இடம். ஆனாலும் கீழே போய் நிமிர்ந்து பார்க்கும்போது, இத்தனை வருஷத்துக்குப் பிறகும், ஆள் எண்ணுவதை மறந்து நின்றுவிடுவேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெண் கவுனை அவிழ்த்துவிட்டு ஒரு பாறைமேல் ஏறி நின்றாள். கேமராக்காரன் அப்படித் திரும்பு, இப்படித் திரும்பு என்று உயிரை வாங்கினான். நடுப்பகல் ளுஹர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். அதற்குள் மேகம் இறங்கி விளிம்பை மூடிவிட்டது. பள்ளம் இருண்டது. கொஞ்ச தூரத்தில் ஜுமாரி என்று, எங்களோடு ஆள் இறக்குகிற பையன் ஒருவன், கல்லூரிப் பெண்கள் ஐந்தாறு பேரைக் கூட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

அப்போது மேலே சத்தம் கேட்டது. அருவி இரைச்சலுக்குள் வெகு சன்னமாக, விடாமல், டக்டக்டக்டக் என்று.

நான் ஜுமாரியைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். மேகத்தைக் காட்டி உதட்டைப் பிதுக்கினான். எனக்குப் புரிந்தது. இருட்டிவிட்டால் காசியாத்திக்கு மணி கணக்குக் கிடையாது. வேவே இருட்டைப் பார்த்துத்தான் வெளியே வரும், கடிகாரத்தைப் பார்த்து அல்ல. போன வாரமும் இப்படித்தான் மேகம் கவிந்ததும் நேரங்கெட்ட நேரத்தில் தட்ட ஆரம்பித்திருந்தாள். நானும் அவனும் அன்று மூச்சு வாங்க ஆட்களை ஏற்றிவிட்டு அசடு வழிந்து நின்றோம்.

"அது என்ன சத்தம் பெரியவரே?" என்று பெண் கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. என் தம்பி பொண்டாட்டி. பையனைக் கூப்பிடுறா."

"ரொம்பச் சேட்டையோ?"

"ஆமா," என்றேன். "ரொம்ப."

அவள் சிரித்துவிட்டுக் கேமராவைப் பார்த்தாள். ஐந்து நிமிஷம் போயிருக்கலாம். கேமராக்காரன் திடீரென்று துள்ளினான். "அடடா, அங்க பாருங்க! தண்ணி கொறையுது. பின்னாடி பாறையெல்லாம் தெரியுது. சீக்கிரம் வாங்க, ரெண்டு பேரும் அங்க போய் நில்லுங்க!"

நிமிர்ந்தேன். பக்கத்து ஊற்றுகள் எப்போதும் போல வழிந்துகொண்டிருந்தன. நடுத் தண்ணீர் மட்டும் பாதியாக மெலிந்து, பாறையில் ஒட்டிக்கொண்டு இறங்கியது. தரையில் அதிர்வு இல்லை. மழைக்காலத்தில் நடு ஆறு குறைகிறது என்றால் மேலே எங்கோ மரமும் கல்லும் அடைத்துக்கொண்டிருக்கிறது. அடைப்பு உடைந்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் வரும்.

"ஏறுங்க! எல்லாரும் ஏணிக்கு ஓடுங்க!"

"அண்ணே, ஒரே ஒரு நிமிஷம்..."

"நிமிஷமும் கிடையாது, ஒரு மயிரும் கிடையாது. ஏறுடா!"

மாப்பிள்ளை யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை, முதல் ஆளாகப் போனான். பெண்ணின் கவுன் ஏணி முளையில் மாட்டிக்கொண்டது. இடுப்பில் இருந்த அரிவாளால் அதை முழங்காலோடு அறுத்தெறிந்தேன். இரண்டாவது ஏணி ஏறி, பாதி உயரத்தில் இருக்கிற மேடைப் பாறைக்கு வந்தபோது காற்று மாறியது. கந்தகமும் பச்சை மண்ணும் கலந்த நாற்றம். அப்புறம் வந்தது. அதைத் தண்ணீர் என்று சொல்ல முடியாது. கறுப்பாகக் கொழகொழவென்று மலையே இறங்கியது. மாடு பெருசு கல்லெல்லாம் அதில் மிதந்து வந்தது. கீழே நாங்கள் நின்றிருந்த பாறை, படம் பிடித்த இடம், கேமராக்காரனின் மூன்று கால் தாங்கி எல்லாம் போயிற்று. நான் பயந்தேன். வாய்விட்டு அழுதேன் என்று சொன்னாலும் தப்பில்லை. அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கப்போகிறது?

ஜுமாரி பெண்களையெல்லாம் ஏற்றிவிட்டுக் கடைசியில் ஏறியவன், ஏணியோடு சரிந்து விழுந்து தோள் எலும்பை உடைத்துக்கொண்டான். கயிறு போட்டு இழுத்தோம். உயிர்ச்சேதம் இல்லை. மேலே வந்தபோது இரண்டு சத்தமும் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தன. கொட்டகையில் பையன் வேர்த்து விறுவிறுத்துப் பலாக்கட்டையை அடித்துக்கொண்டிருந்தான். கூப்பிடு தூரத்தில், பனையடியில், காசியாத்தி தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். மேலே நின்று கேட்டால் ஒன்று மரம், ஒன்று தகரம், நன்றாகவே தெரிந்தது.

அறுந்த கவுனோடு உட்கார்ந்திருந்த பெண் என்னைப் பார்த்தாள். "பையனைக் கூப்பிடுறாங்கன்னு சொன்னீங்களே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. போய்க் காப்பி வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன்.

அன்று இரவே கமிட்டித் தலைவர் சமியாஜி வீட்டில் கூடினோம். காப்பியும் வறுத்த மரவள்ளிக்கிழங்கும் வைத்திருந்தார்கள். யாரும் தொடவில்லை. சுற்றி வளைக்காமல் சமியாஜி சொன்னார்: "காசியாத்தி தட்டுறதை நிறுத்தணும்."

"வேற எடத்துல தட்டச் சொல்லுவோம்" என்றேன்.

"பையனைக் கடைசியா பாத்தது அந்த மரத்தடியில. வேற எடத்துல தட்டுவாளா? நீயே சொல்லு போனிமின்."

"மேகம் இல்லாத அன்னிக்கு மட்டும் தட்டட்டும்."

"மேகம் வந்தாத்தானே அவளுக்கு அந்தி! மேகம் வந்தாத்தானே நமக்கு வெள்ளம்! அவ தட்டுற நாளும் துகிரான் சொல்ற நாளும் ஒண்ணாத்தான் வரும். இனிமே கீழ நிக்கிற எவனாவது சத்தத்தை நம்புவானா?"

ஜுமாரியின் மனைவி வாசல்படியில் நின்றிருந்தாள். ஆண்கள் கூட்டத்தில் பெண்கள் பேசுவது எங்கள் ஊரில் பழக்கமில்லை. அவள் பேசினாள். "எனக்கு ரெண்டு புள்ளைங்க. அவங்க புள்ள போயிட்டான், எனக்கும் வயிறு எரியுது. அதுக்காக என் புள்ளைங்க அப்பனும் போகணுமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏன், நான்தான் கெடச்சேனா?" என்று கத்தினேன். "தலைவர்னு ஒருத்தர் இருக்காரே, அவர் போகட்டும். பள்ளிவாசல் மோதினார் இருக்காரே, அவர் போகட்டும்."

"அவ வீட்டுல ஆம்பளன்னு இப்ப நீதான் இருக்க," என்றார் சமியாஜி. "புள்ளைக்குப் பெரியப்பா நீ."

மறுநாள் கிளம்பும்போது என் மனைவி ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கையில் கொடுத்தாள். "அவகிட்ட இருக்கிறதை வாங்கத்தானே போறீங்க? வெறுங்கையோட போகாதீங்க" என்றாள். நேற்றிலிருந்து அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கமிட்டியை எதிர்த்து என்னால் பேச முடியவில்லை என்று அவளுக்குக் கோபம். எதிர்த்துப் பேச என்ன இருக்கிறது என்று கேட்டால் அவளிடமும் பதில் இல்லை.

காசியாத்தி அடுப்படியில் இருந்தாள். சோறு வடித்து, டெம்பே பொரித்து, சின்னத் தட்டு ஒன்றில் போட்டு மூடிவைத்துக்கொண்டிருந்தாள். தினமும் அதுதான். மேட்டுக்குப் போகுமுன் அவனுக்குச் சோறு எடுத்துவைத்துவிட்டுப் போவாள். திரும்பி வந்து அதைத் தான் சாப்பிடுவாள்.

"வாங்க பெரியப்பா," என்றாள். எங்கள் பக்கம் பிள்ளை பிறந்துவிட்டால் பிள்ளையின் வாயால்தான் பெரியவர்களைக் கூப்பிடுவோம். பகாஸ் பிறந்த நாளிலிருந்து நான் அவளுக்கும் பெரியப்பாதான். "கல்யாணப் பொண்ணு கவுனை அறுத்துட்டீங்களாமே! ஊரே சிரிக்குது."

"அந்த மாப்ள ஓடினதைப் பாத்திருந்தா இன்னும் சிரிச்சிருப்பே."

அவள் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. வாழைப்பழத்தை வாங்கி ஓரமாக வைத்தாள். பிறகு சொன்னாள்: "டின்னை வாங்கத்தானே வந்தீங்க?"

நான் அடுப்பையே பார்த்தேன்.

"ஜுமாரி பொண்டாட்டி காலைல வந்தா. கால்ல விழுந்தா. அவளை நான் என்னன்னு சொல்றது? போம்மான்னு அனுப்பிட்டேன்." அடுப்பைத் தணித்தாள். "பெரியப்பா, நான் அன்னிக்கு டெம்பே பொரிச்சுக்கிட்டிருந்தேன். ஒரு பஸ்ஸு கூட்டம். 'அம்மா, அம்மா'ன்னு கைலியைப் பிடிச்சு இழுத்தான். கரண்டியை ஓங்கி, ஓடுடான்னு வெரட்டினேன். வேவே பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கு. இந்தப் புள்ளைக்கு ஆள் இல்லன்னு நெனச்சுக்கிட்டுத் தூக்கிடுச்சு. நான் இருக்கேன்னு அதுக்குக் காட்டணும். நிறுத்தினா அது நெனச்சது நெசம்னு ஆயிடும்."

அவளிடம் என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். வாயில் வந்தது ஒன்றுதான்.

"அவன் இல்லம்மா. பகாஸ் இல்ல."

அதுவரைக்கும் யாரும் அவளிடம் அதைச் சொன்னதில்லை. அவள் அழவில்லை. மாவு ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "எப்ப செத்தான்?"

"காணாமப்போன அன்னிக்கேதான்..."

"அன்னிக்கு நீங்க யாரும் சொல்லலியே. ஊரே தட்டுச்சு. நீங்க முறத்தை எடுத்துக்கிட்டு வந்து தட்டினீங்க, எனக்குத் தெரியும், முறம் கிழிஞ்சுபோச்சு. செத்த புள்ளைக்கா தட்டினீங்க?"

"இல்ல. அப்ப..."

"அப்ப உசுரோட இருந்தான். சரி, அடுத்த வாரம் செத்தானா? உங்க தம்பி போன அன்னிக்குச் செத்தானா? நேத்து நான் தட்டினேனே, நேத்து?" குரல் உயரவே இல்லை. "நான் தட்டுறவரைக்கும் அவன் இருக்கான். இதோ, இன்னிக்கு நீங்க டின்னை எடுத்துட்டுப் போனா, இன்னிக்குத்தான் அவன் செத்த நாள். எடுத்துட்டுப் போங்க. ஆனா அதைத் தெரிஞ்சுக்கிட்டு எடுங்க."

வெளியே பார்த்தேன். மலைப்பக்கம் மேகம் திரண்டிருந்தது. வெள்ளம் வந்துபோன செய்தி எப்படியோ படமாகப் பரவி, அன்று வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கூட்டம். அந்த வெள்ளம் இறங்கிய இடத்தைப் பார்க்க வேண்டுமாம் அவர்களுக்கு. விழுந்த ஏணியைக் காலையிலேயே திரும்பக் கட்டியிருந்தோம், பள்ளத்துக்குள் நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் இருட்டும். அவள் தட்டுவாள். கீழே எங்கள் பையன்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஏறுவதா, நிற்பதா?

டின் சுவரோரம் இருந்தது. அடிப்பக்கம் பள்ளம் பள்ளமாக நசுங்கி, ஒரு மூலையில் ஓட்டை விழுந்திருந்தது. என்னால் முடியாது, திரும்பிப் போய்விடுவோம் என்றுதான் நினைத்தேன். நினைத்துக்கொண்டே குனிந்து அதை எடுத்தேன்.

அவள் பிடுங்கவில்லை. அகப்பையையும் எடுத்து டின்னுக்குள் போட்டாள். "இது இல்லாம அது எதுக்கு?" என்றாள். பிறகு மூடிவைத்த தட்டை எடுத்து என்முன் நீட்டினாள். "சோறு சூடா இருக்கு. சாப்ட்டுட்டுப் போங்கண்ணே."

பெரியப்பா என்று சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே அந்தச் சின்னத் தட்டில் இருந்த சோற்றைச் சாப்பிட்டேன். மறுத்திருந்தால் அவளை அடித்தது மாதிரி ஆகியிருக்கும். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

டின்னைக் கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டேன். கூட்டத்தை ஏற்றினோம். அன்று மழை பெய்தது, வெள்ளம் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. வந்திருந்தாலாவது என் மனசுக்கு ஒரு சமாதானம் கிடைத்திருக்கும். காசியாத்தி மேட்டுக்கு வரவேயில்லை.

அந்தி மஃரிப் தொழுகை முடிந்ததும் மோதினார் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். எங்கள் ஊரில் யார் இறந்தாலும் பள்ளிவாசல் மைக்கில் அறிவிப்பவரும், கணக்குப் பார்த்து, இறந்தவருக்காக ஓதும் மூன்றாம் பாத்தியா, ஏழாம் பாத்தியா, நாற்பதாம் பாத்தியாவுக்கு நாள் குறிப்பவரும் அவர்தான். நல்ல மனுஷர், எதற்கும் அவசரப்படமாட்டார். வாசலில் நின்று குடையை மடக்கினார்.

"காசியாத்தி ஆள் அனுப்பியிருக்கா," என்றார். "பகாஸுக்கு மைக்கில சொல்லணுமாம். பாத்தியா ஓதணுமாம். நாள் எதுன்னு கேட்டதுக்கு, பெரியவர்கிட்டப் போய்க் கேளுங்க, அவருக்குத்தான் தெரியும்னு சொல்லிட்டாளாம்."

நான் எழுந்து வாசலுக்கு வந்தேன்.

"இதைப் பாரு போனிமின், காணாமப்போன நாளையே போட்டா அது ஒரு கணக்கு. அப்படிப் போட்டா மூணும் ஏழும் நாப்பதும் எல்லாம் எப்பவோ தாண்டிப்போச்சு. ஓத வேண்டியது ஒண்ணும் மிச்சம் இல்ல. மைக்கில ஒரு வார்த்தை சொல்லி முடிச்சுக்கலாம். யாருக்கும் சங்கடம் இல்ல. உனக்கும்தான்." தாடியைத் தடவினார். "நீ எந்த நாளைச் சொல்றியோ அதை எழுதிக்கிறேன்."

அப்படிச் சொன்னால் சாவு வீடு என்று அவள் வீட்டுக்கு யாரும் அரிசி கொண்டுபோக மாட்டார்கள். யாரும் பாய் விரித்து உட்கார மாட்டார்கள். ஒரு வருஷத்துக்கு முன்னால் முடிந்துபோன சாவுக்கு எவன் வந்து உட்காருவான்? அவள் தனியாக அந்த அடுப்படியில் இருப்பாள். உள்ளே என் மனைவி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு," என்றேன்.

மோதினார் என்னைக் கூர்ந்து பார்த்தார். "நல்லா யோசிச்சியா?"

"இன்னிக்குத்தான். எழுதுங்க."

"வயசு ஆறா?"

"ஏழு. ரெண்டு மாசம் முன்னாடி ஏழு முடிஞ்சுது."

"நேரம்?"

"அசருக்குக் கொஞ்சம் முன்னாடி."

சிலேட்டில் எழுதுகிற பையனைப்போல அவர் அதைச் சின்னக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். குடையை விரித்தார். படியிறங்கியவர், மரணம் என்றால் எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வியைப் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்.

"கடைசி நேரத்துல பக்கத்துல யாரு இருந்தா?"

கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். நாக்கைக் கடித்துக்கொண்டு, விடு விடு என்பதுபோல் கையை ஆட்டினார்.

"நான் இருந்தேன்," என்றேன்.